நான்கு சட்டைகளும் ஐந்தாவது பொத்தானும்

எழுபத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். காலை ஆறு மணிக்கு மதுரை பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரரின் சட்டையில் இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. "ஊருக்கெல்லாம் பட்டன் போடுறவ, இதையும் ஒரு நாள் பாரேன்" என்றார். வந்ததும் முதல் வேலை அதுதான் என்றேன். மூன்று மாதமாக அதையேதான் சொல்லிவந்தேன்.

எங்களுக்குத் தொழில் பொத்தானுக்குத் துணி போர்த்துவது. ரவிக்கை, கோட்டு, பேண்டு வாத்தியக்காரர் உடுப்பு, பள்ளிக்கூடப் பெண்களின் சீருடை என்று எது வந்தாலும் அந்தந்தத் துணியிலேயே வட்டம் வெட்டி, தகர மூடியின்மேல் இழுத்துப் போர்த்தி, பின்னால் வளையத் தட்டை வைத்து, கைப்பிரஸில் ஒரு அழுத்து. டக்கென்று ஒரு சத்தம் வரும். அதோடு துணியும் தகரமும் ஒன்று. பிறகு அதைப் பிரிக்க நினைத்தால் துணி கிழியும், தகரம் நெளியும். கல்யாணம் மாதிரிதான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பிரஸ்தான் சாக்கில் கட்டி என் காலடியில் கிடந்தது. வாடிக்கையாகத் துணிதான் என்னைத் தேடி வரும், நான் துணியைத் தேடிப் போனதில்லை. ஆனால் போன மாதம் கடைக்கு வந்த சூசை என்கிற மாதா கோயில் உபதேசியார் வேறு மாதிரி கேட்டார். பெரியதாழைக்கு அப்பால் ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே கோயிலில் மாதாவுக்கு வருஷா வருஷம் புது மேலங்கி சாத்துவார்களாம். அதற்குத் துணிப் பொத்தான் வேண்டும்.

"துணியைக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கிடலாம்" என்றேன்.

"துணி ஊரத் தாண்டப்படாதும்மா. கடலுக்குப் போயி உடம்பு கூடக் கெடைக்காதவுக சட்டையில வெட்டுத துணி அது. ஒருவாட்டி போனவுகள மறுபடியும் ஊரவிட்டு அனுப்புதது பாவமில்லா?"

ஆளுக்கு ஒரு பொத்தான். அது மாதாவின் மார்பில் ஏறிய பிறகுதான் அந்த ஆளுக்கு இறந்தோர் பூசை வைப்பார்கள். அதுவரை அவன் மனைவி மனைவிதான், விதவை இல்லை. தண்ணீருக்குள் கிடக்கிறவர்களுக்குக் குளிருமாம், அதனால் மாதா அவர்களைத் தன்மேல் வைத்துக்கொள்கிறாளாம். இந்த வருஷம் ஒரே வள்ளத்தில் போன நான்கு பேர். "நாலுதான். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்று அவர் இரண்டு முறை சொன்னார். எங்கள் தொழிலில் எதற்கும் ஒன்று கூடுதலாகப் போட்டுத்தான் கொடுப்போம், தொலைந்தால் உதவுமே என்று. இதற்கு அது கூடாது என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். போகவர பஸ் கட்டணமும் கூலியும் தருவதாகச் சொன்னது ஒரு காரணம். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பது இன்னொரு காரணம்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பதினோரு மணிக்கு இறங்கியபோது காற்று என் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இதற்குக் கச்சான் என்று பெயர், ஆவணி முடியும்வரை ஓயாது என்றார் டீக்கடைக்காரர். ஊர் முழுக்கப் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. வழியில் சாகுபுரத்தில் தொழிற்சாலை ஷிப்டு முடிந்த ஒரு காவலாளி ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் எனக்குப் பொத்தான்தான் கண்ணில் படும். அவர் காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன.

"உப்புக்காத்தும்மா. எம்புட்டு தேச்சாலும் மறுநாளே பூத்துரும்" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. துணிப் பொத்தானாகப் போட்டால் பூக்காது என்று என் கடை விலாசத்தைச் சொல்லிவைத்தேன். தொழில் தொழில்தானே.

திருச்செந்தூரில் பஸ் மாறினேன். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கல்லா?"

"பட்டன் அடிக்கிற மிஷின்."

"லக்கேஜு அம்பது காசு" என்று சீட்டைக் கிழித்தவர், "எங்கன எறங்கணும்?" என்றார். ஊர் பெயரைச் சொன்னேன். அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. கண்டக்டர் சிறிது நேரம் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஐம்பது காசை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, கிழித்த சீட்டை ஜன்னல் வழியே விட்டார். "அந்தச் சோலிக்கு வாங்கப்படாது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அதன்பிறகு என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

மாலை நாலரை மணிக்குச் சாலையில் இறங்கி, உபதேசியார் கொண்டுவந்த மாட்டுவண்டியில் இரண்டு மைல் மணலில் போனோம். ஒரு பக்கம் பனைக்கூட்டம், இன்னொரு பக்கம் கடல். முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். இவ்வளவு சத்தம் போடுமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. காற்றும் கடலும் சேர்ந்து கத்தியதில், வண்டியில் பக்கத்தில் இருந்தவர் பேசியதுகூட எனக்குக் கேட்கவில்லை.

உபதேசியார் வீட்டில் அவர் மகள் பிலோமியும் மருமகன் ராயப்பனும் இருந்தார்கள். பிலோமிக்கு அது ஏழாம் மாதம். ராயப்பன் வாய் ஓயாத பேர்வழி. இருமிக்கொண்டே பேசினான், பேசிக்கொண்டே சிரித்தான். அவன் போட்டிருந்த நீலக் கட்டம்போட்ட பழைய சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. இரண்டு இடத்தில் நாடா வைத்து முடிந்திருந்தான். எனக்கு அது பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"கடலுக்குப் போடுத சட்டையில பட்டன் வைக்க மாட்டோம்க்கா" என்றான். "வலைக்கும் பட்டனுக்கும் ஆவாது. வலை விடும்போது கண்ணியில பட்டன் மாட்டிச்சின்னா, அது போற வேகத்துக்கு நம்மளையும் இழுத்துக்கிட்டு எறங்கிரும். கோயில் சட்டைக்கு மட்டுந்தான் பட்டன். உங்க பொழப்புக்கு எங்க ஊரு தோதுப்படாது, பேசாம மதுரைக்கே போயிருங்க."

"ஏன், மாதா போடுறாளே பட்டன்?" என்றேன்.

"அவ வலை இழுக்கப் போறாளாக்கும்?" என்று சிரித்தான். பிலோமி அவன் தலையில் குட்டினாள்.

மறுநாள் விடிவதற்கு முன் அவன் எழுந்து எதையோ தேடுவது பாயில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. "எங்கேளா போச்சு?" என்றான். "கொடியில பாருங்க, வெறும் மேலுக்குப் போயிராதிய, இருமலு நிக்காது" என்றாள் பிலோமி, பாதித் தூக்கத்தில். கதவு சாத்தியது. நான் புரண்டு படுத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்குக் கோயிலில் வேலை தொடங்கியது. சின்னக் கோயில். சுண்ணாம்புச் சுவர், ஜன்னலெல்லாம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மாதாவின் மேலங்கி நீல வெல்வெட்டில் தைத்து முடித்து மேசையில் விரித்திருந்தது. நான்கு பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு சட்டையைக் கொடுத்தார்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள், ஒன்றில்கூடப் பொத்தான் குறையவில்லை. கடலுக்குப் போடாததால் வீட்டில் தங்கியவை அல்லவா? கடைசியாக வந்தவள் செசிலி என்ற வயதான அம்மாள். போனவர்களில் இளையவன் அவள் மகன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய சட்டையில் வட்டம் எடுப்பதென்றால் சட்டைப்பையைப் பிரித்து அதன் அடியில் இருக்கும் துணியைத்தான் வெட்டுவோம். அங்கே வெயில் படாது, சாயம் வெளுக்காது. செசிலி அம்மாள் கொண்டுவந்தது நைந்த சாம்பல் நிறச் சட்டை. பையைப் பிரித்ததும் அடியில் மயில்கழுத்து நிறம் பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். "துணி எடுத்தன்னைக்கு இருந்த நெறம்" என்றாள். அழவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

ஆளுக்கு ஒரே வட்டம்தான், வீணாக்க வழியில்லை. துணியின் கனத்துக்கு ஏற்றபடி பிரஸின் அழுத்தத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் துணி விளிம்பில் அறுந்துவிடும். அதற்காக எப்போதும் கழிவுத் துணியில் ஒன்று அடித்துப் பார்ப்போம். ராத்திரி உப்புக்காற்றில் பிரஸ் ஈரம் பிடித்திருந்ததால், துடைக்க உபதேசியார் ஒரு கந்தலைக் கொடுத்திருந்தார். அந்த நான்கு சட்டைகளின் நினைப்பிலேயே அதன் சுத்தமான மூலையில் ஒரு வட்டம் வெட்டி அடித்தேன். டக். நன்றாக வந்தது. தட்டில் போட்டேன். பிறகு நான்கு பேருடையதையும் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. நிமிர்ந்தபோதுதான் ஜன்னல்கள் அடித்துக்கொள்ளாமல் நிற்பது தெரிந்தது. கோயிலுக்குள் என் மூச்சு எனக்குக் கேட்டது. ஆடி மாதத்தில் கச்சான் நின்றுபோயிருந்தது.

கருப்பட்டிக் காப்பியோடு வந்த பிலோமி தட்டைப் பார்த்தாள். வாய்க்குள் எண்ணினாள்.

"அஞ்சு கெடக்கு" என்றாள்.

"ஒண்ணு சும்மா பார்க்கிறதுக்கு அடிச்சதும்மா" என்று நான் எடுக்கப்போனேன். அதற்குள் அவள் அதைப் பார்த்துவிட்டாள். நீலக் கட்டம்.

"யப்பா, இந்தத் துணி எங்கன எடுத்திய?"

"கொடியில கெடந்துச்சுளா. பழசுதானன்னு ராத்திரி கிழிச்சி மிஷின் தொடைக்கக் குடுத்தேன்" என்றார் உபதேசியார்.

"அது அவுக கடலுக்குப் போடுத சட்டையில்லா?"

பிலோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கோயில்வரை கேட்டது, அவ்வளவு நிசப்தம். திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"கோயில் சட்டையக் காணும். பட்டன் சட்டையப் போட்டுக்கிட்டு வலைக்குப் போயிருக்காக."

நான் இந்த மாதிரி நம்பிக்கைகளுக்கு வெகுதூரம். ஆனாலும் அந்த நேரத்தில் பயந்துபோனதை மறைக்கப்போவதில்லை. நம்பிக்கையை விட்டுத்தள்ளினாலும், அந்தச் சட்டையின் பொத்தான்கள் இப்போது ஓடுகிற வலைக்கு மேலே இருக்கின்றனவே! கத்தி நுனியை விட்டு அந்த ஐந்தாவதைப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன்.

"பிரிச்சா துணி கிழியுமில்லா?" என்றாள் செசிலி அம்மாள். "கிழிக்காதிய. தூரப் போடாதிய. கீழயும் வைக்காதிய. அவன் வாரவரைக்கும் உங்க கையிலயே இருக்கட்டும். நீங்க பண்ணுனது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான்கு வள்ளங்கள் போயிருந்தன. பதினோரு மணிக்கெல்லாம் பாய் விரித்து வந்து சேர்ந்துவிடுமாம். காற்றில்லாமல் பாய் எதற்கு ஆகும், துடுப்புப் போட்டுத்தான் வர வேண்டும். நாங்கள் கரையில் உட்கார்ந்தோம். பிலோமி என் பக்கத்தில். அந்த நான்கு பெண்களும் எங்களுக்குப் பின்னால். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தலைக்கு நேரே வெயில். நேற்று அப்படிக் கத்திய கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் வள்ளங்கள் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறமாதிரி தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான். கோயில் மணிக் கயிறு தானாக ஒருமுறை சுவரில் உரசியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை.

பொத்தானை இறுக்கிப் பிடித்த என் கை வேர்த்தது. உள்ளே அது சுடுகிறதா குளிர்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பிலோமி ஒரே ஒரு முறை பேசினாள். "அக்கா, அது மூடியிருக்கில்லா? தெறந்திரலியே?" என்றாள். இல்லை என்றேன்.

முதல் வள்ளம் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. வந்தவர்கள் யாரும் எங்கள் பக்கம் பார்க்காமல் வலையை இழுத்துப் போட்டார்கள். "ராயப்பன் எங்கலே?" என்று உபதேசியார் கேட்டதற்கு, "பின்னால வாராவ மாமா, வலையில என்னமோ சிக்கலு" என்றான் ஒருவன். என்ன சிக்கல் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியபோதுதான் நான்காவது வள்ளம் தெரிந்தது. கரை தட்டியதும் முதலில் இரண்டு பேர் குதித்தார்கள். பிறகு பாய்த்துணியைப் போர்த்திக்கொண்டு ராயப்பன் இறங்கினான். பிலோமி எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே மணலில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவன் போர்வையை விலக்கியபோது வெள்ளைக் கோயில் சட்டை தெரிந்தது. நெஞ்சுக்கு நேரே துணி கிழிந்து, இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை. கழுத்தைச் சுற்றி வலைநூல் அறுத்த சிவப்புத் தடம். கூட வந்தவன்தான் சொன்னான். காலையில் வலை ஓடிக்கொண்டிருக்கும்போது பொத்தான் கண்ணியில் மாட்டியதாம். கண் இமைப்பதற்குள் ஆளைக் காணோமாம். வலை முழுசாக இறங்கிவிட்டதாம். இனி இல்லை என்று இவர்கள் சிலுவை போட்ட பிறகுதான் வள்ளத்தின் மறுபக்கம் தலை எழும்பியதாம். பொத்தான் பிய்ந்ததால் பிழைத்தான்.

அப்போது அந்த நான்கு பெண்களும் அவனிடம் வந்தார்கள். அவர்கள் வந்த விதத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பிழைத்தவனைப் பார்க்க வருகிறவர்கள் போல இல்லை, வெளியூர் போய்வந்தவனிடம் தம் வீட்டாரைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் போல வந்தார்கள். செசிலி அம்மாள் அவன் கையைப் பிடிக்கப்போனாள். அவன் இரண்டு கையையும் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"ஏலே ராயப்பா, அடியில போயிட்டு வந்திருக்க. எப்படிலே இருக்கு அங்கன? எம்புள்ளைக்குக் குளிருமாலே?"

வாய் ஓயாத ராயப்பன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"குளிரலாத்தா. வெதுவெதுன்னு இருந்துச்சு. மாதா கோயிலுக்குள்ள இருக்காப்ல இருந்துச்சு."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பிறகு ஒருத்தி தட்டை எடுத்துக்கொள்ள, எல்லாரும் கோயிலுக்கு நடந்தார்கள். நான்கு பொத்தான்களையும் அவர்களே மேலங்கியில் தைக்க வேண்டும், அது எங்கள் வேலையில் சேராது.

ராயப்பன் என்னிடம் வந்தான். "எங்கக்கா எனக்கு அடிச்ச பட்டனு? கோயில் சட்டையில ஒண்ணு கொறையுது பாருங்க, நாளு பாத்துத்தான் அடிச்சிருக்கிய" என்றான். நான் கையை விரித்தேன். இத்தனை நேரம் மூடியிருந்ததால் விரல்கள் மடங்கியே நின்றன. அவன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்தான்.

அவன் விரல் என்மேல் பட்டது. தண்ணீரிலிருந்து ஏறி எத்தனையோ நேரம் வெயிலில் துடுப்புப் போட்டு வந்தவன். ஆனால் நடுக்கிணற்றிலிருந்து தூக்கிய குடத்தைத் தொட்டதுபோல் அந்த விரல் சில்லிட்டிருந்தது. நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவன் கண்ணில் சிரிப்பே இல்லை. கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மிக மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வண்டி ஏறும்போது பிலோமி வாசலில் உட்கார்ந்து அந்த நீலக் கட்டப் பொத்தானை வெள்ளைச் சட்டையில் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் பொருந்தவில்லை. வேறு இடமாக இருந்தால் நான் அந்தச் சட்டையை வெளியே விட்டிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் போட்டுக்கொண்டு பூசைக்கு வருவார் என்றாள். சாலைக்கு வருவதற்குள் கச்சான் மறுபடி எழுந்து மணலை முகத்தில் அடித்தது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்ததென்று சொல்லி மாளாது.

இரவு திருச்செந்தூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் மதுரை வந்து சேர்ந்தேன். மதுரையில் காற்றும் இல்லை, கடலும் இல்லை. வெயிலும் தூசியும் மல்லிகைப்பூவும் ரிக்‌ஷாக்காரன் பேரமும்தான். எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. கடையில் என் வீட்டுக்காரரும் அப்படியே இருந்தார், இரண்டாவது பொத்தான் அதே ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. சாக்கை இறக்கி வைத்த கையோடு ஊசியில் நூல் கோத்தேன். போட்ட சட்டையில் தைக்கக்கூடாதென்பார்கள், கழற்றுங்கள் என்றேன். அதற்குக்கூடப் பொறுக்காமல் நானே அவர் நெஞ்சில் கை வைத்துப் பொத்தான்களைக் கழற்றினேன்.

அவர் துள்ளிப் பின்னால் நகர்ந்தார். "என்னடி கை இப்படி ஜில்லுன்னு இருக்கு? குளிருதா?"

"இல்லையே" என்றேன். "வெதுவெதுன்னுதான் இருக்கு."